உச்சவரம்புக்கு ஓர் உயிர்

டெலிபோன் அலறியது.

அந்தத் துணை மின்நிலையத்து டெலிபோனுக்குச் சாதாரணமாக அடிக்கத் தெரியாது. அலறத்தான் தெரியும்.

ஆபரேட்டர் சிவரஞ்சனி, கையிலிருந்த தக்காளி சாத டப்பாவைச் சட்டென்று மூடினாள். மணி பத்தே முக்கால். மதியச் சாப்பாட்டைப் பத்தே முக்காலுக்குத் திறந்தது குற்றம்தான். ஆனால் மாதாந்திர ஷட்டவுன் நாளில் ஆபரேட்டருக்கு வேறு என்ன வேலை?

காலை ஒன்பது மணிக்கே மஞ்சக்குட்டை லைனை நிறுத்திவிட்டாள். ஸ்விட்ச்சின் கழுத்தில் 'ஆள் வேலை செய்கிறார்' என்ற சிவப்பு அட்டையை மாட்டினாள். லைன்மேன் மாரியப்பனிடம் எல்.சி. சீட்டைக் கொடுத்தாள்.

எல்.சி. என்றால் லைன் கிளியர். 'கம்பியில் கரண்ட் இல்லை, தைரியமாக ஏறு, உன் உயிருக்கு நான் பொறுப்பு' என்று அர்த்தம். அந்தச் சீட்டு திரும்பி வரும்வரை அந்த ஸ்விட்ச்சை மந்திரி சொன்னாலும் தொடக்கூடாது.

ரிசீவரை எடுத்தாள்.

"ஏனுங்க! கரண்ட் ஆபீசுங்களா? நான் மஞ்சக்குட்டை ராசாத்தி பேசறனுங்க... நம்ம மாரியப்பன் அண்ணன் கம்பத்துல தொங்கறாருங்க!"

"என்னது?"

"கரண்ட் அடிச்சுருச்சுங்க!"

சிவரஞ்சனி திரும்பிப் பார்த்தாள். சிவப்பு அட்டை அப்படியே தொங்கியது.

"கரண்டே இல்லீங்களே! இல்லாத கரண்ட் எப்படிங்க அடிக்கும்?"

"அதை நீங்களே வந்து அவருகிட்டக் கேளுங்க... மூச்சு இருந்தா!"

*

சினிமாவில் இந்த இடத்தில் மழை வரும்.

ஏற்காட்டில் மழை ஏற்கெனவே வந்து, பெய்து, சலித்துப்போய், பனிமூட்டமாக உட்கார்ந்திருந்தது.

இடுப்பு பெல்ட் மட்டும் இல்லையென்றால் மாரியப்பன் கீழே விழுந்திருப்பார். இரண்டு கைகளும் கருகியிருந்தன. நாலு பேர் ஏறி இறக்கினார்கள். மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பில் மூட்டைகளை உருட்டிவிட்டு அவரைக் கிடத்தினார்கள். ஜீப் சேலத்துக்குப் பறந்தது.

சிவரஞ்சனிக்குக் கரப்பான்பூச்சி என்றால் பயம். ஊசி என்றால் பயம். மாமியார் இருமினாலே பயம்.

ஆனால் அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கலா எதிரே உட்கார்ந்தபோது பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"ஆள் மேல இருக்கும்போது ஸ்விட்ச்சைப் போட்டிருக்க. ஒரு நிமிஷம். தப்புன்னு தெரிஞ்சதும் ஆஃப் பண்ணிட்ட. சரிதானே?"

"இல்லீங்க."

"பின்ன, கரண்ட் வானத்துலேருந்து வந்துச்சா?"

"வானத்துலேருந்து வந்தா அதுக்கு இடின்னு பேருங்க மேடம். இன்னைக்கு இடி இல்ல."

கலா முறைத்தாள். "வாய்க்கு மட்டும் ஷட்டவுன் கிடையாது போல. லாக் புக் என்ன சொல்லுது?"

"ஒம்பது மணிக்கு ஆஃப். அதுக்கப்புறம் ஆன் இல்லவே இல்ல."

"அதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"ஆக... உனக்கு நீயே சாட்சி!"

"மீட்டர்ல பதிவு இருக்கும் மேடம். எடுத்துப் பாத்தா தெரிஞ்சுரும்."

"கேட்டாச்சு. அதை எடுக்கற ஆளு லீவாம். மூணு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் மேலதிகாரி உன்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாரு. நாளை மறுநாள் சாயங்காலம் நான் உன்னை அரெஸ்ட் பண்ணியாகணும். மேலேருந்து போன் மேல போன்."

"நாளை மறுநாள்தான் கருத்துக் கேட்புக் கூட்டம். மாரியப்பன் அண்ணன் அதுல பேசறதா இருந்தாருங்க. பேர் குடுத்திருந்தாரு."

கலாவின் பேனா நின்றது.

"என்ன கூட்டம்?"

"மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நடத்துறது. ஓப்பன் ஆக்சஸ்காரங்களுக்குக் கூடுதல் கட்டணத்துல உச்சவரம்பு வைக்கறது பத்தி."

"தமிழ்ல சொல்லும்மா."

"சொல்றனுங்க. பெரிய ஓட்டல், மில்லுக்காரங்க எல்லாம் மின்வாரியத்துக்கிட்ட வாங்காம வெளியில, காத்தாலைக்காரங்ககிட்ட நேரா கரண்ட் வாங்கிக்கலாம். அதுதான் ஓப்பன் ஆக்சஸ். ஆனா கம்பம், கம்பி, அதைப் பாத்துக்கற மாரியப்பன்... எல்லாம் வாரியத்தோடது. அந்தச் செலவுக்காக அவங்க ஒரு கூடுதல் கட்டணம் கட்டணும். 'அது இதுக்கு மேல ஏறக்கூடாது, வரம்பு போடுங்க'ன்னு வெண்முகில் ரிசார்ட் பிரபாகர் மனு போட்டிருக்காரு."

"போட்டா உனக்கு என்ன?"

"வரம்புக்கு மேல ஆகற செலவு ஆவியாவா போகும்? ராசாத்தி ஊட்டு பில்லுல வரும். உங்க ஊட்டு பில்லுலயும் வரும் மேடம்."

கலா இருமினாள். போன மாத பில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"மாரியப்பன் அதுல என்ன பேசறதா இருந்தாரு?"

"தெரியலீங்க. 'ஒரு குண்டு வச்சிருக்கேன் கண்ணு, கூட்டத்துல பாரு'ன்னாரு. அவ்வளவுதான்."

*

மறுநாள் காலை.

இன்ஸ்பெக்டரும் குற்றம் சாட்டப்பட்டவளும் ஒரே கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள். கம்பத்துக்குப் பின்னால் ஏழடி தள்ளி வெண்முகில் ரிசார்ட்டின் மதில்.

"அங்க பாருங்க மேடம். கம்பியை ஒட்டி."

ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு வயர் துண்டு ஒன்று கம்பத்தில் கட்டப்பட்டுத் தொங்கியது. முனை புதிதாக வெட்டப்பட்டிருந்தது.

"உங்க ஆபீஸ் வயரா?"

"இல்லீங்க. இவ்வளவு நல்ல வயரை எங்க ஆபீசுல கண்ணுலயே பாத்தது இல்ல."

"அப்ப?"

"திருட்டுக் கொக்கி. கம்பத்துலேருந்து மதிலைத் தாண்டி உள்ள போயிருக்கு. நேத்து அண்ணனை இறக்கின கூட்டத்துல யாரோ வெட்டி எடுத்துட்டாங்க. இந்தத் துண்டு எட்டலை. விட்டுட்டாங்க."

"சரி, திருட்டு. கம்பத்துலேருந்து அவனுக்குத்தானே கரண்ட் போகும்? அவன்கிட்டேருந்து கம்பத்துக்கு எப்படி வரும்?"

"அவரு ஜெனரேட்டரை ஓட்டி, இந்த வயரோட ஸ்விட்ச்சையும் போட்டா வரும். கரண்டுக்கு ஒன்வே எல்லாம் கிடையாதுங்க மேடம். நம்ம கடைவீதி மாதிரிதான். போர்டு இருக்கும், வண்டி ரெண்டு பக்கமும் போகும்."

கலா உதட்டைப் பிதுக்கினாள். "அங்கதான் இடிக்குது. ஜெனரேட்டர் ரிப்பேருக்குச் சேலம் போய்ப் பத்து நாளாச்சு. நேத்து ராத்திரியே பிரபாகரைப் பாத்தேன், பில்லைக் காட்டினாரு. நானே பட்டறைக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். உண்மை."

"அப்ப நேத்து ஷட்டவுன் நேரத்துல ரிசார்ட்டுல லைட்டு எப்படி எரிஞ்சுது? ராசாத்தி பாத்திருக்காங்க."

"அதையும் கேட்டேன். அவங்க தனியா விண்ட்மில் கரண்ட் வாங்கறாங்களாம். உங்க ஷட்டவுன் அவங்களுக்குக் கிடையாதாம்."

சிவரஞ்சனி ஒரு நொடி கலாவையே பார்த்தாள்.

பிறகு சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா, பித்துப் புடிச்சிருச்சா?"

"எழுதிக் குடுத்தாருங்களா மேடம்?"

"வாய்ல சொன்னாரு."

"அப்ப நாளைக்குக் கூட்டத்துக்கு வாங்க. ரெண்டு கான்ஸ்டபிளை ரிசார்ட் பக்கத்துல டீ குடிக்கச் சொல்லுங்க."

"என்ன விஷயம்? இப்பவே சொல்லு."

"இப்பச் சொன்னா நீங்க நேரா போய் அவரைக் கேப்பீங்க. அவரு பேச்சை மாத்திருவாரு. ஆணையத்துல உறுதிமொழி எடுத்துத்தான் பேசணும். பேசறது எல்லாம் பதிவாகும். ஒரு நாள் குடுங்க மேடம். நான் எங்கயும் ஓட மாட்டேன். எனக்கு ஓடினா மூச்சு வாங்கும்."

*

சாயங்காலம் செல்போன் அடித்தது. தேன் தடவிய குரல்.

"சிவரஞ்சனிங்களா? பிரபாகர் பேசறேன். நொம்ப வருத்தமா இருக்கும்மா. கை தவறிப் போச்சுன்னு ஒத்துக்கங்க. நல்ல வக்கீலா நான் வச்சுத் தர்றேன்."

"எனக்கு எதுக்குங்க? நாளைக்கு உங்களுக்கே தேவைப்படுவாரு. பத்திரமா வச்சுக்கங்க."

தேன் வடிந்தது. குரல் மட்டும் மிச்சம்.

"கூட்டத்துப் பக்கம் வராத. மலைப்பாதையில பஸ்ல போறவ நீ..."

"பிரேக் புடிக்காத பஸ்ல பதினோரு வருசமா போறவ நான். உங்களைப் பாத்தா பயப்படப் போறேன்?"

போனை வைத்தாள்.

வைத்த கையோடு வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். கரப்பான்பூச்சிக்காக என்று மாமியாரிடம் சொன்னாள்.

*

ஏரிக்கு மேலே சமுதாயக் கூடம். நிரம்பி வழிந்தது.

மேடையில் ஆணையத்தின் உறுப்பினர். வெள்ளைத் தலை, தடித்த கண்ணாடி. ஒரு காலத்தில் இன்ஜினியராக இருந்தவர். கேட்பவர்களுக்குத் தூக்கம் வந்தாலும் அவர் தூங்காமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

பிரபாகர் எழுந்தான். கோட்டு. ஷூ. பவர்பாயிண்ட்.

"ஐயா, நாங்க வாரியத்தை நம்பி இல்லை! எங்க கரண்ட் ஆரல்வாய்மொழி காத்தாலையிலேருந்து வருது. வாரியம் எங்களுக்கு எதுவுமே செய்யலை. அப்படியிருக்க வருஷா வருஷம் கூடுதல் கட்டணத்தை ஏத்தினா நாங்க எப்படிப் பிழைக்கறது? உச்சவரம்பு வேணும்!"

அவனுடைய ஊழியர்கள் கைதட்டினார்கள். சம்பளத்துக்குத் தகுந்த கைதட்டல்.

"எதிர்ப்புத் தெரிவிக்க மாரியப்பன்னு ஒருத்தர் பேர் குடுத்திருக்காரே?" உறுப்பினர் தாளைப் புரட்டினார்.

"அவரு ஆஸ்பத்திரியில இருக்காருங்க ஐயா." சிவரஞ்சனி எழுந்தாள். "அவருக்குப் பதிலா நான் பேசறேன். கரண்ட் பில் கட்டறவ. அது போதும்னு நினைக்கறேன்."

பிரபாகரின் வக்கீல் துள்ளினார். "ஐயா! இந்தம்மா சஸ்பெண்ட் ஆனவங்க!"

"சஸ்பெண்ட் ஆனவங்க ஊட்டுக்கும் பில் வருதுங்க வக்கீல் சார்."

கூடம் சிரித்தது. உறுப்பினர் தலையசைத்தார். சிவரஞ்சனி உறுதிமொழி எடுத்தாள். மைக்கைப் பிடித்தாள். 

"மனுதாரர்கிட்ட சில கேள்விங்க ஐயா. ரிசார்ட்டுல சோலார் இருக்குங்களா?"

"இல்லை. சுத்தி சில்வர் ஓக் மரம். வெயிலே விழாது." பிரபாகர் அலட்சியமாகச் சொன்னான்.

"பேட்டரி?"

"ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும்."

"ஜெனரேட்டருங்க?"

"ரிப்பேர். சேலத்துல கிடக்கு. இன்ஸ்பெக்டரம்மாவே பில்லைப் பாத்தாங்க."

பின்வரிசையில் சுவரோரம் நின்ற கலா, ஆமாம் என்று தலையாட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு, ஷட்டவுன் நேரத்துல, உங்க ரிசார்ட்டுல கரண்ட் இருந்துச்சுங்களா?"

பிரபாகர் நெஞ்சை நிமிர்த்தினான். இதுதான் அவனுடைய சிக்ஸர் பந்து!

"இருந்துச்சு! லிஃப்ட் ஓடுச்சு. அம்பது ரூம்லயும் சுடுதண்ணி வந்துச்சு!"

"அக்கம்பக்கத்து ஊடுகள்ல?"

"ஒரு வீட்டுலயும் இல்லை! மாவு மில்லு கூட ஓடலை. என் கெஸ்ட் எடுத்த வீடியோவே இருக்கு. பனியில மொத்த மஞ்சக்குட்டையும் இருட்டு. நாங்க மட்டும் ஜெகஜோதி! ஐயா, இதைவிட என்ன நிரூபணம் வேணும்? நாங்க வாரியத்தை நம்பி இல்லை!"

"எழுதிக்கிட்டீங்களா ஐயா?" சிவரஞ்சனி மேடையைப் பார்த்தாள்.

"எழுதிட்டேன்மா."

"கடைசிக் கேள்விங்க. ஆரல்வாய்மொழியில வாங்கின கரண்ட் மஞ்சக்குட்டைக்கு எப்படிங்க வந்துச்சு? கொரியர்லயா?"

கூடம் அதிர்ந்தது. கலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வ... வயர்லதான்."

"எந்த வயர்ல?"

பிரபாகர் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார்.

உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் பிரபாகர். காத்தாலையிலேருந்து உங்க ரிசார்ட்டுக்குத் தனியா லைன் இழுத்திருக்கீங்களா?"

"இ... இல்லீங்க ஐயா. வாரியத்து லைன்லதான்... கரண்ட் மட்டும் எங்களது..."

"ஐயா, நான் சொல்லட்டுங்களா?" சிவரஞ்சனி ஓர் அடி முன்னால் வந்தாள். "கரண்டை யாருகிட்ட வேணா வாங்கலாம். வந்து சேர்ற கம்பி ஒன்னுதான். மஞ்சக்குட்டை லைனை நான் நிறுத்தினா, ராசாத்தி ஊட்டு மிக்சியும் நிக்கும், இவரு லிஃப்டும் நிக்கும். காத்தாலைக்காரன் அங்க எத்தனை சுத்து சுத்தினாலும் இங்க ஒரு பல்பு எரியாது. கரண்ட் விக்க வந்தவன் குடுத்த நோட்டீசைப் படிச்சிட்டு இவரு நிஜமாவே நம்பிட்டாரு."

சிவரஞ்சனி பிரபாகர் பக்கம் திரும்பினாள்.

"நான் ஸ்விட்ச் போட்டிருந்தா ஊரு பூரா எரிஞ்சிருக்கணும். ஒரு ஊட்டுலயும் எரியலைன்னு இவரே சொல்லிட்டாரு. சோலார் இல்ல. பேட்டரி இல்ல. ஜெனரேட்டர் இல்ல. லைன்ல கரண்ட் இல்ல. ஆனா அம்பது ரூம்ல சுடுதண்ணி! ஏனுங்க பிரபாகர் சார், தண்ணியை எதுல காய வச்சீங்க? உங்க பேச்சுலயா?"

பின்வரிசையில் கலா இல்லை. வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

ஏழு நிமிஷம். ஒருவரும் நகரவில்லை.

கலா உள்ளே வந்தாள். நேராக மேடைக்கு நடந்தாள்.

"மன்னிக்கணுங்க ஐயா. ரிசார்ட்டுல துணி துவைக்கற ரூம்ல, பெட்ஷீட்டுக்கு அடியில ஒரு ஜெனரேட்டர் இருக்கு. சத்தமே வராத ரகம். ரிப்பேருக்குப் போனது ஒன்னு. வாடகைக்கு வந்தது இன்னொன்னு! அதுக்குப் பக்கத்துல மதிலைத் தாண்டிப் போற வயருக்குத் தனியா ஒரு ஸ்விட்ச். கம்பத்துல தொங்கற துண்டும் இதே வயர்தான். மிஸ்டர் பிரபாகர், கிளம்பலாமா?"

பிரபாகரின் முகத்தில் இருந்த ரத்தம் ஷட்டவுன் ஆனது.

"அவன்தான் மிரட்டினான்!" கத்தினான். "அந்த மாரியப்பன்! 'இன்னைக்கு வயரைக் கழட்டப் போறேன், கூட்டத்துல உன் திருட்டை உடைக்கப் போறேன்'னான். என் மனு என்னாகறது? பயமுறுத்தத்தான் ஸ்விட்ச்சைப் போட்டேன்!"

"உயிர் இருக்கற மனுசன் கம்பியிலேருந்து கழட்டிக் கையில புடிச்சிருந்த வயர்லயா? ஊருக்குப் போகாம அத்தனையும் அவரு கையிலதான் பாஞ்சிருக்கு!" சிவரஞ்சனி சீறினாள்.

கலா விலங்கை மாட்டினாள். பிரபாகர் சிவரஞ்சனியைப் பார்த்தான். திடீரென்று சிரித்தான். விலங்கு மாட்டிய கையோடு சிரித்தான்.

"அவனை உத்தமன் மாதிரி பேசாதம்மா. அந்த வயரை ஆறு மாசம் முன்னாடி கம்பத்துல கட்டிக் குடுத்ததே யாருன்னு நினைக்கற? உங்க அண்ணன்தான்!"

*

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் போலீஸ் ஜீப்பில் இறங்கினார்கள்.  அடிவாரத்தில் நிறுத்திக் கலா ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். அரெஸ்ட் செய்ய வேண்டியிருந்த பெண்ணுக்கு டீ வாங்கித் தருவது இன்ஸ்பெக்டர் கலாவின் சர்வீசில் முதல் தடவை.

சேலம் ஆஸ்பத்திரி.

மாரியப்பன் கண் விழித்திருந்தார். இரண்டு கைகளும் பஞ்சு மூட்டைகளாகக் கட்டிலில் கிடந்தன.

"வா கண்ணு. கூட்டம் எப்படி?"

"நல்லா நடந்துச்சு. அந்தக் கொக்கியைப் போட்டது நீங்களா அண்ணா?"

மாரியப்பனின் கண்கள் விட்டத்துக்குப் போயின.

"ஆமா சாமி."

"ஏன்?"

"ஒரு கல்யாணத்துக்கு ஒரு வாரம்னான். மறு வாரம் இன்னொரு கல்யாணம். நம்ம ஊர்ல கல்யாணம் நிக்கவா செய்யுது? ஆறு மாசம் ஓடிருச்சு. அவன் குடுத்ததை வாங்கினேன். தப்புதான்."

"என்கிட்ட எல்.சி. வாங்கினப்பக்கூட சொல்லலியே! உங்களுக்காக நான் ஜெயிலுக்குப் போக இருந்தேன் தெரியுமா?"

"தெரியாது கண்ணு. நான் மயக்கத்துல இருந்தேன்."

சிவரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். கடித்த பல்லோடு அழுகையும் வந்தது.

"அப்புறம் எதுக்குக் கழட்டப் போனீங்க?"

"அந்த மனுவை ஆபீசுல ஒட்டியிருந்தாங்க. படிச்சேன். 'வாரியத்தை நம்பி இல்லை, வாரியம் எதுவுமே செய்யலை'ன்னு எழுதியிருந்தான் பாரு! இருவத்திரண்டு வருசம் புயல்லயும் மழையிலயும் அவன் கேட்டுக்கு முன்னாடி இருக்கற கம்பத்துல ஏறினவன் நான். திருடறதுக்குக்கூட என்னைத்தான் நம்பியிருந்தான். அதுக்கு வரம்பு வேணுமாம், வரம்பு! நான் போட்டதை நானே கழட்டறேன், எல்லார் முன்னாடியும் என் திருட்டையும் சேத்து நானே சொல்றேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் ஏறினேன்."

"ஒளிஞ்சு ஏறியிருக்கலாம்ல?"

"கம்பத்துல எங்க கண்ணு ஒளியறது?"

அவள் முந்தானையால் அவருடைய கண்ணைத் துடைத்தாள். அவருக்கு அதற்குக் கை இல்லை. பிறகு தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுத்துமூலமா கருத்துச் சொல்ல வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காரு அந்த ஐயா. சொல்லுங்கண்ணா, எழுதறேன். ஒன்னையும் மறைக்கக் கூடாது."

"மறைக்க மாட்டேன். முதல் வரியே என் திருட்டுதான். எழுது."

கலா தொண்டையைச் செருமினாள்.

"மாரியப்பன், உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். கொலை முயற்சி கேஸ்ல நீங்கதான் முதல் சாட்சி. கரண்ட் திருட்டுக் கேஸ்ல நீங்க ரெண்டாவது குற்றவாளி. குணமானதும் ரெண்டுக்கும் மலையிலேருந்து சேலம் கோர்ட்டுக்கு வந்து போகணும். ஓடி ஒளியற எண்ணம் இருக்கா?"

"ஐயோ, இல்லீங்க மேடம்! ரெண்டுத்துக்கும் ஒரே நாள்ல தேதி வாங்கிக் குடுங்க, அது போதும்." மாரியப்பன் முதல்முறையாகப் பயந்த குரலில் கெஞ்சினார். "எவ்வளவு உசரக் கம்பத்துல வேணா ஏறிருவனுங்க... பஸ்ல கொண்டை ஊசி எறங்குனா எனக்கு வாந்தி வந்துருங்க!"